பாவாயி அம்மாளுக்குச் சொல்லாமல் விட்ட குறி

சென்ற வெள்ளிக்கிழமை காலை, வாய்ப்பாடு தப்பாக ஒப்பித்த பிள்ளைகளை நான் அதட்டிக்கொண்டிருந்தபோது, திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வரும் கரியில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். பென்சிலில் இரண்டே வரி. "எங்க அம்மிணி நேத்துப் பொழுதோட போயிருச்சுங்க. டீச்சரம்மா வரோணும்." கையெழுத்து இல்லை. ஆனாலும் பாவாயி அம்மாளின் அண்ணன் செங்கோடன் யாரையோ வைத்து எழுதியது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவரை "அம்மிணி" என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒருவர்தான் இருந்தார்.

விஷ ஜுரமாம். ஒன்பது நாள் கிடந்திருக்கிறார். எனக்கு ஒரு கார்டு போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"அவர்" என்று எழுதுகிறேன். மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தை நடத்திய தலைமை ஆசிரியையை அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் எனக்கு அவர் ஒரே அறையில் இரண்டு வருஷம் பாய் விரித்துப் படுத்த தோழி. என் எண்ணெய்ப் புட்டியைக் கேட்காமல் எடுத்துக் காலி செய்தவர். அவரை அறியாதவர்களுக்காக ஒரே ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். அந்த நாளைத் தெரிந்துகொண்டால் போதும்.

சேலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் சேர்ந்தபோது எங்களுக்குப் பதினேழு வயது. நான் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அவருடையது வயற்காட்டில் கூலி வேலை செய்யும் குடும்பம். படிக்கப் போகிறேன் என்று மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து அண்ணனைச் சம்மதிக்க வைத்தவர். இரண்டாம் வருஷம் படித்து முடித்துப் போகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் பிற்பகல், வேப்பமரத்தடியில் ஒருத்தி குறிசொல்லியாக வேஷம் போடுவாள். போகிற ஒவ்வொருத்தியின் எதிர்காலத்தையும் கேலியாகச் சொல்லுவாள். குறி கேட்டவள் தன் பொருள் ஒன்றைப் பள்ளியிலேயே இருக்கப் போகிறவர்களில் யாருக்காவது விட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லாம் முடிந்ததும், குறிசொல்லிக்கு மட்டும் வேறொருத்தி குடுகுடுப்பையை வாங்கிக் குறி சொல்ல வேண்டும். எங்கள் வருஷத்துக் குறிசொல்லி பாவாயி அம்மாள். அவருக்குக் குறி சொல்ல வேண்டியவள் நான்.

கொட்டாங்கச்சி இரண்டை முதுகோடு முதுகு ஒட்டித் தோல் கட்டி, கைவேலை வகுப்பிலேயே அவர் குடுகுடுப்பை செய்துவிட்டார். ஒட்டுப்போட்ட பழைய கோட்டு, தலைப்பாகை, விளக்குக்கரி மீசை, ஆட்டுமயிர் தாடி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது.

எனக்கு அவர் சொன்ன குறி இது: "இந்தம்மா போற ஊருல காக்கா கூடக் கத்தாது. அதட்டிப்போடுமோன்னு பயந்துக்கிட்டு மரத்துலயே உக்காந்துக்கும்." அது அப்படியே பலித்துவிட்டது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். நான் பதிலுக்கு என் உடைந்த மைக்கூட்டை, எழுதவே சோம்பல்படும் ஒரு முதலாண்டுப் பெண்ணுக்கு விட்டேன். எந்நேரமும் தூங்கும் ரஞ்சிதத்துக்கு, பாடத்தின் நடுவில் இன்ஸ்பெக்டர் வந்து எழுப்புவார் என்று குறி வந்தது. அவள் தன் தலையணையை எங்கள் பயிற்சிப் பள்ளித் தலைமை ஆசிரியை அம்மாளுக்கே விட்டுவிட்டாள். மரத்தடியே குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவர் செங்கோடன் அண்ணன்.

மாமன் மகனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது, மூன்றாம் நாள் முகூர்த்தம், பெண்ணை இப்போதே கூட்டிப்போக வேண்டும் என்றார். தலைமை ஆசிரியை அம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் முன்னால் மாதிரிப் பாடம் நடத்தினால்தான் சர்ட்டிபிகேட். அது தவறினால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன பெண்ணை எந்த மாமியார் திருப்பி அனுப்புவாள்? இரண்டு வருஷப் படிப்பும் ஒரு பகலில் போய்விடும். அண்ணன் மசியவில்லை. நாள் குறித்தது தான் அல்ல, பெரியவர்கள் என்றார். வீட்டார் வந்து கேட்டால் அனுப்பாமல் இருக்கப் பள்ளிக்கூடத்துக்கும் அதிகாரம் கிடையாது. விழா முடியட்டும், உங்கள் தங்கை வருவாள் என்று மட்டும் சொல்லித் தலைமை ஆசிரியை அம்மாள் அவரை எங்களுக்கு எதிரில் ஒரு பெஞ்சியில் உட்காரவைத்தார்.

அவர் தங்கை பத்தடி தூரத்தில் மீசையோடு நிற்கிறாள். எங்களுக்கெல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது. பாவாயி அம்மாளின் கை குடுகுடுப்பையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் விழா முடிந்ததாகிவிடும் என்று பயம்.

அப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. செங்கோடன் அண்ணன் எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நிஜமான குடுகுடுப்பைக்காரர் என்றே நினைத்துவிட்டார், மனிதர். இரண்டு கையையும் கூப்பி நின்றார்.

"சாமி, எம்பட பொறந்தவளுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கறமுங்க. நல்லபடியா நடக்குமுங்களா?"

ரஞ்சிதம்கூட விழித்துக்கொண்டிருந்தாள்.

பாவாயி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடித்தொண்டையில் சொன்னார்: "நடக்கும். ஜக்கம்மா சொல்றா. ஆனா நாளைக்கு உச்சிப்பொழுது சாயற மட்டும், பொண்ணு இந்தத் தெக்கு வாசலத் தாண்டப்படாது."

"ஆகட்டுமுங்க சாமி. இருந்தே கூட்டிக்கிட்டுப் போறனுங்க" என்று அண்ணன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. பேசாமல் உள்ளே போய் முகத்தைக் கழுவியிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பாவாயி அம்மாள் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பினார். தலைப்பாகையை அவிழ்த்து அந்தத் துணியாலேயே மீசையைத் துடைத்தார். கரி கன்னமெல்லாம் பரவியது.

"அண்ணா, நாந்தானுங்க."

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தான் ஏமாந்து நின்றது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் கறுத்தது. வாசலுக்குப் போய் மாட்டைப் பூட்டினார். பாவாயி அம்மாள் அந்தக் கோட்டோடேயே பின்னால் போனார். நானும் ஓடினேன்.

"ஏறு" என்றார் அண்ணன்.

"ஏறறனுங்க. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேன். நாளைக்கு ஒரே ஒரு பாடம் நடத்தோணும்னு ரெண்டு வருசமா இருந்தேன். அவ்வளவுதானுங்க." சொல்லிவிட்டு வண்டிச் சட்டத்தில் கையை வைத்தார்.

அண்ணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கடைசியில், தங்கையைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துப் பேசினார்.

"வேசம் உன்னுது. வாக்கு ஜக்கம்மாளுது. அதத் தாண்டிக் கூட்டிக்கிட்டுப் போக எனக்குத் தகிரியம் இல்ல."

நுகத்தைக் கழற்றினார். அன்றிரவு வாசல் புளியமரத்தடியில், வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொண்டார்.

உள்ளே வந்ததும், உனக்கென்ன பைத்தியமா என்று நான் அதட்டினேன். அவர் சொன்ன பதிலை நான் இத்தனை வருஷமாக மறக்கவில்லை. "அண்ணன் என்னையக் கும்புட்டுப்போட்டாரு சரசு. கும்புட்ட கையப் பார்த்ததுக்கப்பறம் எப்படிப் பொய்யோட உள்ள போறது?"

மறுநாள் மாதிரிப் பாடம் மூன்றாம் வகுப்புக்கு, மாட்டைப் பற்றி. படம் வரைந்து வைத்திருந்தார். அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார். காளையை ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் திமிலைத் தொட்டுப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாளும் தொட்டுப் பார்த்தார். பாடம் முடியும் வரை செங்கோடன் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சி சாய்ந்ததும் வண்டி புறப்பட்டது. ஏறுவதற்கு முன் பாவாயி அம்மாள் குடுகுடுப்பையை என் கையில் திணித்தார். "இது உனக்கு. எனக்கு நீ சொல்ல வேண்டிய குறி விட்டுப்போச்சு. மறந்துபோடாதே" என்றார்.

சர்ட்டிபிகேட்டும் கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. மாமன் மகன் நல்லவர், வேலைக்குப் போகத் தடை சொல்லவில்லை. பாவாயி அம்மாளின் பள்ளிக்கூடப் பதிவேட்டில் முதல் பெயர் செங்கோடன் அண்ணனின் மூத்த மகளுடையது. கூலிக்குப் போகும் வீடுகளில் அவர் ஏறி இறங்கிக் கூட்டிவந்த பெண்களில் இரண்டு பேர் இன்று என்னோடு வேலை செய்கிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், என் குறி எங்கே என்று கேட்பார். அதற்கென்ன அவசரம், அடுத்த தடவை சொல்கிறேன் என்பேன். பன்னிரண்டு வருஷம் இப்படியே போக்குக் காட்டினேன். என்ன மனுஷி நான்!

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. செங்கோடன் அண்ணன் வேலியோரம் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "அத்தனை பேருக்கும் குறி சொல்லுச்சு. அதுக்கு ஆரும் சொல்லலீங்களே டீச்சரம்மா" என்றார். அந்த நாளின் கடைசிக் குறி நடக்காமல் போனதற்குத் தன் வண்டிதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வண்டி ஒரு நாள்தான் குறுக்கே வந்தது. மற்ற நாட்களுக்கெல்லாம் காரணம் நான்.

பையிலிருந்து குடுகுடுப்பையை எடுத்தேன். தோல் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது, ஒரு பக்கம்தான் ஒலித்தது. எதிர்காலம் இல்லாதவருக்கு என்ன குறி சொல்வது? நடந்ததையே சொன்னேன், அவருடைய குரலில்.

"நல்ல காலம் பொறந்துச்சு. பாவாயின்னு ஒரு பொண்ணு படிச்சு முடிச்சுச்சு. பள்ளிக்கூடம் நடத்துச்சு. பொய் சொல்லிச் செயிக்கத் தெரிஞ்சும், செயிக்க மாட்டேன்னு நின்னுச்சு. அது தொட்ட பிள்ளைகளெல்லாம் எழுதப் படிக்கும். ஜக்கம்மா சொல்றா."

செங்கோடன் அண்ணன் எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அன்றைக்கு நின்ற மாதிரியே, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

போய் வா, பாவாயி. தாமதமாகச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.