தண்ணீர் கறுத்ததை நம்பினேன்

இன்று காலை ஏற்காட்டில் காபித்தூள் வாங்கப் போன இடத்தில் என் ஆராய்ச்சி அறிக்கை கவிழ்ந்தது.

எனக்கு முன்னால் நின்ற, எஸ்டேட்டில் வேலை செய்யும் மாரமங்கலத்து அம்மா ஒருவர், வாங்கிப்போன பொட்டலத்தோடு திரும்பி வந்திருந்தார்.

"ஏனுங்க, சிக்கரி இல்லாத தூள்தானுங்க கேட்டேன்?"

"சுத்தமான காபிங்க அம்மணி. எப்பிடிக் கறுக்குது பாருங்க!" என்று கடைக்காரர் ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் தூளைத் தூவினார்.

"காபித்தூளுன்னா மெதக்குமுங்க. போட்டதும் கறுத்து அடியில எறங்குனா அது சிக்கரிங்க."

அந்த அம்மா சொன்னபடியே தூள் டம்ளரின் அடியில் கிடந்தது; கடைக்காரர் பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நேற்றுதான் என் கைடுக்கு மெயிலில் அறிக்கை அனுப்பினேன். கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களான கார்பன் நானோகுழாய்களை அமிலத்தில் கொதிக்கவைத்து, தண்ணீரில் கலக்கும்படி மாற்றிவிட்டேனாம். ஆதாரம், தண்ணீர் சீராகக் கறுத்தது. அகச்சிவப்பு வரைபடத்திலும் குழாயில் அமிலத் தொகுதி ஒட்டியதற்கான உச்சி தெரிந்தது.

ஆனால் கறுக்கவைத்தது குழாய்தானா? அமிலம் அரித்துப்போட்ட கரித்துணுக்குகளும் தண்ணீரைக் கறுக்கவைக்கும், அதே உச்சியைக் காட்டும். நீர்த்த காரக் கரைசலில் துணுக்குகள் போகக் கழுவி, வடிகட்டி, மிஞ்சியதை மறுபடி அளந்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கழுவவே இல்லை. 'தூய்மையானது' என்று மட்டும் எழுதிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு வேறு பொட்டலம் கிடைத்தது. அனுப்பிய மெயிலை யாரிடம் போய் மாற்றுவது?

இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து நம் ஆராய்ச்சி மாணவர் குழுவுக்கு இதைத் தட்டுகிறேன். உங்களில் யாராவது கழுவிப் பார்த்தீர்களா? இல்லை, நாம் எல்லோருமே சிக்கரிக்குத்தான் பட்டம் வாங்கப் போகிறோமா?