கேட்டுக்கு எந்தப் பக்கம்?

பங்சாரில் எங்கள் அலுவலகத்தில் போன வாரம் சுழற்சிப் பொருளாதாரம் பற்றி ஒரு வகுப்பு. பேச வந்த பெண், குப்பை என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் திரும்பி வரும் பொருள்தான் என்றார். கேட்க நன்றாக இருந்தது. பழைய பாட்டில்களை உருக்கி நெய்த பை ஒன்றும் கொடுத்தார். அதைக் காரில் போட்டுவிட்டு, சாயங்காலம் கதவைத் திறந்தேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாடை. அவ்வளவுதான், மனம் ஜெஞ்சாரோமுக்குப் போய்விட்டது.

என் முதல் வேலை அங்கேதான். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலை. நான் மேற்பார்வையாளர். கேட்டவர்களிடம் "சுற்றுச்சூழல் வேலை" என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கும். சட்டை உண்மையைச் சொல்லிவிடும்.

வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்த மூட்டைகளைப் பிரித்தால் ஜாம் ஒட்டிய மூடிகள், படிக்கத் தெரியாத எழுத்துகள். தரம் பிரிக்கும் செல்வி அக்கா முனகுவார்: "கழுவி அனுப்புனா கையா தேஞ்சிரும் அவங்களுக்கு?" தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி முதுகு போனவர் அவர். கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்ததே அவருக்குப் பெரிது. வீடும் ஆலைக்குப் பின்னாலேயே.

நல்ல பிளாஸ்டிக் உருகி மணிமணியாக வெளியே விழும். அதைப் பார்த்து நாட்டையே சுத்தம் செய்வதாக எனக்கு நினைப்பு. எதற்கும் ஆகாததைப் பின்னால் குவித்துக் கொளுத்தினார்கள். புகை அக்கா வீட்டு வரிசைக்குப் போனது. அவர் மகள் இருமத் தொடங்கினாள். மருந்துக்கும் நிற்கவில்லை.

ஒரு காலை புகையை எதிர்த்துச் சுற்றியுள்ள கம்பத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வெளியே திரண்டார்கள். முன்வரிசையில் செல்வி அக்கா, ஆலைச் சீருடையோடு. நம் தமிழரான மேனேஜர் உள்ளிருந்து கத்தினார்: "செல்வி, நீ எந்தப் பக்கம்?"

"மணி அடிச்சதும் உள்ள வந்துருவேன் பாஸ். அது வரைக்கும் இவங்க கூடதான் லா."

சொன்னபடியே வந்து தரம் பிரிக்கும் பெல்ட்டில் நின்றார். "ஆலைய மூடிட்டா என்னக்கா செய்வீங்க?" என்றேன்.

"மூடச் சொல்லல தம்பி, எரிக்காதீங்கன்னுதான் சொன்னேன். எரிக்காட்டி கட்டுப்படி ஆகாதாம். அப்போ இது என்ன தொழிலு?"

அதிகாரிகள் வந்து சீல் வைத்த அன்று எல்லாரோடும் சேர்ந்து அக்கா கைதட்டினார். தட்டிக்கொண்டே அழுதார். மகளின் இருமல் கொஞ்ச நாளில் நின்றது. வேலை போனதால் அக்கா கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஜெஞ்சாரோமுக்கே போய்ப் பார்த்தேன். ஆலை நின்ற இடத்தில் லோரிகள். பிழைப்பைத் தேடி ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட, அந்த வீட்டு வரிசையையும் இடித்துச் செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். நடந்தது நல்லதா கெட்டதா, இன்னும் பிடிபடவில்லை. காற்று மட்டும் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூச்சு விடத்தான் அங்கே யாருமில்லை.