முல்லைத்தீவில் தொட்ட கயிறு

துறைமுகப் பட்டினம் என்று ஊரில் சொன்னதை நம்பி, சலவை வேட்டியோடு தனியாக முல்லைத்தீவுக்குக் கப்பல் பார்க்க வந்திருக்கிறேன். துறைமுகம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் வெறுங் கடலைக் காட்டுகிறார்கள். கப்பல் இல்லை. மணலில் இருபது பேர் நின்று கரைவலை இழுக்கிறார்கள். கயிறு எவ்வளவு தடிப்பு என்று அறிய ஒருதரம் தொட்டுப் பார்க்கிறேன். அதுதான் நான் விட்ட பிழை.

"தொட்டிட்டியள், இனி விடேலாது" என்கிறார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. "தொட்ட கை விட்டால் பட்ட மீன் நில்லாது. இழுங்கோ ஐயா."

அருமையான சொல். எழுதி வைக்கத்தான் கை ஒழியவில்லை.

"சம்மாட்டியார், நான் ஊர் பார்க்க வந்தனான். மூண்டு மணிக்குக் கடைசி பஸ். அதை விட்டால் ஒட்டுசுட்டானுக்கு யானைக் காட்டுக்குள்ளாலை நடக்கவேணும்."

"பார்க்கத்தானே வந்தனீங்கள்? இழுத்துக்கொண்டு பாருங்கோ. கடலும் தெரியுது, வெளிச்சவீடும் தெரியுது."

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு முன்னால் காக்கிக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு இழுக்கிறவர்தான் கூடுதலாகச் சிரிக்கிறார்.

வலை கரையேறும்போது மூன்றரை. வேட்டியெல்லாம் ஈர மணல், உள்ளங்கையில் கொப்புளம். என் பங்கென்று தந்த மீன்கோர்வையைப் பிடித்தபடி, "பஸ் போயிட்டுது" என்று மணலில் குந்திவிடுகிறேன்.

காக்கிக்காரர் தன் மீனை ஓலையில் சுற்றிக்கொண்டு வருகிறார்.

"எழும்புங்கோ ஐயா. பஸ் ஓட்டுற றைவர் நான் இஞ்சை நிக்க, பஸ் எங்கை போறது? மத்தியானம் நானும் ஒருக்கால் தொட்டுப் பார்த்தனான்."