இடது பக்கத்து முன்சீட்

காரின் முன்சீட்டில் உட்காருகிறவர் தலைக்கு மேலே ஒரு கைப்பிடி இருக்கும். மற்றவர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைத் தொடுவார்கள், அவ்வளவுதான். நான் மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி கேட்டில் அதைப் பிடித்தால் ஆபீஸ் வாசலில்தான் விடுவேன். சாருடைய வெள்ளி நிற ஜப்பான் காரில் அந்தக் கைப்பிடி மட்டும் என் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பளபளவென்று ஆகியிருந்தது. "வண்டிக்குள்ள ரொம்பத் தேஞ்ச பார்ட்டு இதுதானுங்க அம்மிணி" என்று சார் கிண்டல் செய்வார். நான் சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

பயம் எனக்கு உடன்பிறந்தது. தில்லி கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்திலேயே கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி மாடிப்படி இறங்கித் திரும்பி ஓடுகிற பெண் நான். அப்பா திருநெல்வேலிக்காரர், வீட்டுப் பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் என் வாயில் வருவதும் அந்த ஊர் அலறல்தான்: "ஏ யம்மா!" டிரைவிங் லைசென்ஸ் ஆசைப்பட்டு வாங்கி, பர்சில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தில்லி ரோட்டில் வண்டி ஓட்டும் தைரியம் அதோடு சேர்ந்து வரவில்லை.

சார் எங்கள் அமைச்சகத்தில் டெபுடி செக்ரட்டரி. கோயம்புத்தூர்ப் பக்கம். மனைவி தன் தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்டார்; தில்லியில் பிறந்த மகன் அப்பாவிடம் ஹிந்தியில்தான் பேசுவான். அதனால் மயூர் விஹாரிலிருந்து ஆபீஸ் வரை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் அந்தக் காலை நேரம்தான் அவர் தமிழ் பேசும் நேரம். அதை அவரே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். "சம்பளம் ஆபீசுல, சாப்பாடு வீட்டுல. பேச்சு இங்க மட்டுந்தானுங்க." பின்சீட்டில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், ஸ்டெனோ அக்கா, நான். முன்சீட் எங்கள் நாலு பேரைவிட மூத்த ஒரு டைரக்டருக்கு.

இந்த முன்சீட் விஷயம் வெளியாட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். அரசாங்க ஆபீஸ் ஆட்கள் சேர்ந்து போகும் காரில் யார் எங்கே உட்காருவது என்பது பதவி வரிசைப்படிதான். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பிரமோஷன் ஆர்டர் வந்த மறுநாள் காலை மனிதர்கள் தாமாகவே இடம் மாறி உட்காருவார்கள். டைரக்டர் ரிடையர் ஆனதும் முன்சீட் அக்கவுண்ட்ஸ் ஆபீசருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவரும் அன்றைக்குப் புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்கதவில் கை வைத்துவிட்டார். சார் கண்ணாடியைக் கீழே இறக்கி, "நீங்க பின்னாடி சவுகரியமா உட்காருங்க. அம்மிணி முன்னாடி வரட்டும். பின்னாடியிருந்து கத்தி என் காதைத் துளைக்கறாங்க, முன்னாடி வந்தே கத்தட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சிரிக்கவில்லை. நிஜாமுதீன் பாலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அவரைவிட ஜூனியரான நான் பூனைக்குட்டி மாதிரி முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஸ்டெனோ அக்கா மட்டும் காதுக்குள் வந்து, "அரே வாஹ்! பிரமோஷன் இல்லாமலே பிரமோஷன்" என்றாள்.

காருக்குள் பேச்சு முக்கால்வாசி காரைப் பற்றியேதான். சார் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லவே மாட்டார். "நம்ம கம்பெனி" என்பார், என்னவோ இவருடைய பெரியப்பா ஆரம்பித்த மாதிரி. முதலில் அவர்கள் நெசவுத் தறிதான் செய்துகொண்டிருந்தார்கள், கார் எல்லாம் பிறகுதான் என்பது அவருக்குப் பெரிய பெருமை. "தறி ஓட்டினவனுக்குத்தானுங்க ஒரு இழை அறுந்தாலும் தெரியும். அந்தக் கண்ணு வெச்சுத்தான் காரும் செஞ்சான்" என்பார். கோயம்புத்தூர்க்காரருக்குத் தறியும் மெஷினும் சொந்தபந்தம் மாதிரி. உலகப் போருக்குப் பிறகு ஒன்றுமில்லாமல் நின்றது, சின்னக் கார் செய்து பிழைத்தது, பெரிய நாடுகள் முதலில் சிரித்தது, பிறகு வரிசையில் நின்று வாங்கியது என்று அந்தச் சரித்திரம் அக்ஷர்தாமில் தொடங்கினால் இந்தியா கேட்டில் முடியும். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் கொரியாக்காரன் கட்சி. "சார், கொரியா வண்டில பட்டனைத் தட்டினா கூரையே திறக்குது. உங்க வண்டில ஏசி வர்றதுக்குள்ள ஆபீஸ் வந்துடுது" என்று சீண்டுவார். "கூரை எதுக்குங்க திறக்கணும்? தில்லிப் புகைய உள்ள விடறதுக்கா?" என்று சார் திருப்புவார்.

அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. உற்பத்தியை நிறுத்திவிட்ட மாடல் என்பதால் அந்த ஆட்களுக்குள் தனி ஒட்டுதல். ஹெட்லைட் உடைந்தால் கஷ்மீரி கேட்டில் எந்தக் கடையில் கிடைக்கும், வேகத்தடையில் அடிப்பாகம் உரசாமல் இருக்க எப்படி ஏற்றுவது, பதினைந்து வருஷமான வண்டி தில்லியில் ஓடக்கூடாது என்கிற கெடு வந்தால் வெளியூரில் யாரிடம் தள்ளிவிடலாம் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சார் அவற்றை வாசித்துக் காட்டுவார். எல்லாரும் ஒரே குரலில் சொன்ன ஒரே குறை, முன்கண்ணாடிக்கு இடது ஓரத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் பில்லர் தடிமன், அந்தப் பக்கம் வருவது மறைகிறது என்பது. சாரும் அதையே சொல்வார். இடது பக்கம் ஆட்டோவோ ஸ்கூட்டரோ நெருங்கி, நான் "ஏ யம்மா, லெஃப்ட்ல பாருங்க சார்!" என்று கத்தியதும் ஸ்டியரிங்கைச் சட்டென்று வலது பக்கம் திருப்பிவிட்டு, "இந்தப் பில்லரு இருக்குதுங்களே, குரூப்புல எல்லாரும் அழுவறாங்க" என்பார். நானும் அந்தப் பில்லரைத் திட்டுவேன்.

நவம்பர் மாதப் புகை மூட்டத்தில் என் கத்தல் அதிகமாயிற்று. நொய்டா பக்கத்திலிருந்து வண்டிகள் வந்து கலக்கும் இடத்தில் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். இரவு படுத்தால் கண்ணுக்குள் இடது பக்கமாகவே ஏதாவது வந்துகொண்டிருக்கும். கணவரிடம் சொன்னேன். "நீ ஏர்போர்ட்ல லிஃப்டுக்கே பயப்படறவ" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் உண்மையாகவே பயப்பட வேண்டியதைப் பற்றிச் சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து போன் வந்தது. அமைச்சர் வருகிறாராம், வண்டிகளைப் பின்வரிசைக்குத் தள்ள வேண்டுமாம். சார் மீட்டிங்கில் இருந்தார், சாவியை என்னிடம் கொடுத்து, "நாலடி பின்னாடி போடணும், அவ்வளவுதானுங்க. லைசென்ஸு இருக்குதில்ல" என்று அனுப்பிவிட்டார். சாமியை வேண்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பார்க்கிங் ஆள் காருக்கு இடது பக்கம் நின்று "பஸ், மேடம்ஜி, ஆராம் சே" என்று, போதும், மெதுவாக என்கிற மாதிரி கையாட்டினார். அவர் முழுசாகத் தெரிந்தார். அவருக்குப் பின்னால் டீ வண்டி தெரிந்தது, கேட்டில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள் தெரிந்தது. அந்தப் பில்லர் இருந்தது. தலையைச் சிறிது அசைத்தால் அதற்குப் பின்னால் இருப்பதும் தெரிந்தது. அன்று காலைதான் அதே பார்க்கிங் ஆள்மேல் சார் இடிக்கப் பார்த்திருந்தார். பில்லர் எதையும் மறைக்கவில்லை என்றால், மறைப்பது என்ன?

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அறையில் அவர் மட்டும் இருந்தார். மேஜையருகே அவருக்கு இடது பக்கமாக நின்றேன். அவர் நிமிரவில்லை. சாவியை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டுத்தான் முகத்தை முழுவதுமாகத் திருப்பிப் பார்த்தார். "சார், உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலையா?" என்று கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். இடது கண்ணில் அழுத்தம், ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டே வந்து இப்போது மிச்சம் ஒன்றுமில்லை, டாக்டர் கார் ஓட்ட வேண்டாம் என்றே சொல்லிவிட்டார் என்றார். பழைய டைரக்டருக்குத் தெரியுமாம். பேச்சோடு பேச்சாக, "ஆட்டோக்காரன் வர்றான்யா" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். "அவரு போனதுக்கப்புறம் யோசிச்சனுங்க. அக்கவுண்ட்ஸ்காரரு ஏறினதுமே தூங்கிருவாரு. ஸ்டெனோ அம்மா போன்லயே இருப்பாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க ரோட்டைப் பார்க்கறீங்க."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எனக்கு மரியாதை தந்து முன்னால் உட்கார வைத்தார் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பூரிப்பு இருந்தது, அது போயிற்று. என் பயத்தைக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். "நான் கத்துறதுக்கு முந்தி ஒரு நா ஆள் விழுந்துட்டா என்ன சார் செய்வீங்க?" என்றேன். அவர் சாவியை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டு, "சரிங்க அம்மிணி. நிறுத்திக்கறனுங்க. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

நான் மறுநாளிலிருந்து மெட்ரோவில் போனேன். மற்றவர்களிடம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டேஷன் இருக்கிறதே என்று சொல்லிச் சமாளித்தேன். சாரும் ஏதாவது காரணம் சொல்லி ஓட்டுவதை நிறுத்திவிடுவார் என்றே நம்பினேன். அந்த வாரக் கடைசியில் ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது சிக்னலில் அந்த வெள்ளி நிறக் கார் நின்றது. முன்சீட்டில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். ஆசைப்பட்ட இடம் கிடைத்த திருப்தியோடு, மஃப்ளருக்குள் கன்னத்தைப் புதைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பக்கம், காரை ஒட்டி, பேட்டரியில் ஓடும் ஒரு ஈ-ரிக்ஷா, உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். பச்சை விழுந்தது. கார் இடது பக்கம் சாய்ந்தது. ஈ-ரிக்ஷாக்காரர் கத்திக்கொண்டே நடைபாதையில் ஏற்றினார். யாருக்கும் ஒன்றுமில்லை. பிள்ளைகள் சிரித்தன. கார் போய்விட்டது.

அங்கேயே ஒரு கடைப் படியில் உட்கார்ந்து முதலில் சாருக்குப் போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் ஆபீசருக்குச் செய்தேன். பாதித் தூக்கத்தில் இருந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று சாயங்காலம் மூன்று பேரும் தனித்தனியாக வீடு திரும்பினார்கள்.

ஆபீசில் லிஃப்ட் வரை, கேண்டீன் வரை செய்தி போய்விட்டது. சாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்கள். "பெரிய மனுஷனை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டீங்களே" என்றார் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், உயிர் பிழைத்ததற்கு நன்றியாக. ஸ்டெனோ அக்கா, "சரிதான் செஞ்சே. லேகின், பாவம்டி அவரு" என்றாள். சார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஃபைல் அனுப்புவார், குறிப்பு எழுதுவார். காரிடாரில் எதிரே வந்தால் நேராகப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போவார். பிறகு ரிடையரும் ஆகிவிட்டார். வழியனுப்பு விழாவில் பின்வரிசையில் நின்று கைதட்டிவிட்டு வந்தேன். நான் செய்தது சரி என்று தெரியும். சரி என்று தெரிந்தும் அந்த மனிதரின் தமிழை நானே பிடுங்கிவிட்டேன் என்ற நினைப்பு விடவில்லை.

போன மாதம் அக்கவுண்ட்ஸ் ஆபீசர் என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார். கொரியா கட்சியிலிருந்து தாவி, சாருடைய மாடலிலேயே பழைய கார் ஒன்றை வாங்கி, அதே குரூப்பிலும் சேர்ந்திருந்தார். சார் தன் காரை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, விடைபெறும்போது எழுதிய செய்தி அதில் இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, பில்லரைப் பற்றித் தான் சொல்லிவந்தது தவறு, அது தன் கண்ணின் குறை என்று எழுதியிருந்தார். எங்கள் யாருக்கும் அதை அனுப்பவில்லை.

நேற்று சாயங்காலம் மண்டி ஹவுஸ் ஸ்டேஷனில் மெட்ரோ மாறி ஏறியபோது அதே பெட்டியில் சார் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் என்னைத் தள்ளி அவருக்கு ஒரு முழம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இடது பக்கம். அவர் திரும்பவில்லை. இன்னும் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இத்தனை காலமும் காரிடாரில் நான் எந்தப் பக்கம் நடந்தேன்? அவரை எதிரே கண்டாலே பயந்து, அவருக்குக் கண் தெரியாத பக்கமாகத்தானே ஒதுங்கிப் போனேன்? அவர் என்னைப் பார்க்க மறுத்தாரா, பார்க்கவே இல்லையா?

யமுனை பாலத்தின்மேல் ரயில் போகும்போது நாலு பேரை இடித்துக்கொண்டு சுற்றிப் போய் அவருடைய வலது பக்கம் நின்றேன். "சார், நல்லாருக்கீங்களா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மயூர் விஹார் ஸ்டேஷன் வருகிறது, கதவுகள் இடது பக்கம் திறக்கும் என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். இறங்குகிற கூட்டம் நெருக்க ஆரம்பித்தது. சார் இடது கையை லேசாக விலக்கி, அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டார்.

"அந்தப் பக்கம் வந்துருங்க அம்மிணி" என்றார். "இந்தப் பக்கம் எனக்குத் தெரியுதுங்க."