கோழி மணி அடிச்சால் எழும்ப வேணும்

எங்கடை தொழிலிலை உடுப்புக்குப் பொக்கற் இல்லை.

கோட்டிலை பொக்கற் மாதிரி ஒரு கோடு இருக்கும், ஆனால் தைச்சு மூடியிருக்கும். மேசையை விட்டு விலகேக்கை இரண்டு கையையும் விரிச்சுத் திருப்பிக் காட்டிப்போட்டுத்தான் போகவேணும். மேலை கமரா பாத்துக்கொண்டிருக்கும். கடையிலை, பஸ்ஸிலை, ஆஸ்பத்திரி வரவேற்பிலை எண்டு சனத்துக்கு முன்னாலை நிண்டு சீவிக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சால் என்ரை பாடு விளங்கும். உங்களிட்டை வாற சனம் கோவத்தோடை வரும். என்னட்டை வாற சனம் நம்பிக்கையோடை வரும். எது கூடின கரைச்சல் எண்டு நீங்களே யோசியுங்கோ.

படிப்பு

நான் குரூப்பியர். ரூலெட் சக்கரத்தைச் சுத்தி, பந்தை விட்டு, ‘இனி ஒண்டும் போகாது’, எண்டால் இனிப் பந்தயம் வைக்கேலாது, எண்டு ஜெர்மனிலை சொல்லி, பந்து விழுந்த எண்ணைச் சொல்லி, தோத்தவை காசுக்குப் பதிலாய் வைச்ச வில்லையளை வாரி, வெண்டவைக்குத் தள்ளிவிடுறது என்ரை வேலை. ஜெர்மனியிலை, எசன் நகரத்திலை இருந்து அரை மணித்தியால ஓட்டத்திலை இருக்கிற ஒரு கசினோவிலை பதினெட்டு வருசமாய் நிக்கிறன். எங்கடை சனத்துக்கு நெடுகலும் ‘ஹோட்டலிலை வேலை’ எண்டுதான் சொல்லி வந்தனான். பொய்யில்லை. கசினோவுக்கு மேலை ஹோட்டல் இருக்கு.

என்னோடை சேர்ந்து வேலை பழகினவள் உல்ரிக்க. இப்ப அவள்தான் எங்கடை மேசையளுக்குப் பொறுப்பு. பழகேக்கை வில்லை அடுக்கிறது, பந்து விடுறது எல்லாத்துக்கும் பிறகு கடைசியிலை ஒரு பாடம் இருந்தது. ஆர் சந்தோசத்துக்கு விளையாடுறான், ஆருக்கு அது நோயாய்ப் போச்சுது எண்டு கண்டுபிடிக்கிற பாடம். சிரிப்பு நிண்டுபோகும், தனிய வரத் தொடங்குவினம், வேறை தேவைக்கு வைச்ச காசைக் கொண்டு வருவினம். அப்பிடிக் கண்டால் பொறுப்பானவருக்குச் சொல்லவேணும். நான் எல்லாத்தையும் வடிவாய் எழுதிக்கொண்டு இருக்க, பக்கத்திலை இருந்த உல்ரிக்க காதுக்கை சொன்னாள்:

“இந்தக் கட்டடத்திலை இருந்து நிச்சயமாய்க் காசோடை வீட்டை போறது நாங்கள் மட்டும்தான். அதுவும் மாசக் கடைசியிலை.”

எங்கடை பொடியன்

ஞானம் அண்ணையையும் மலரக்காவையும் நான் முதல் கண்டது ஒரு சனிக்கிழமை பின்னேரம். அண்ணை தொழிற்சாலையிலை வேலை செய்து பென்சன் எடுத்தவர். அக்கா இன்னும் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை வேலை. பிள்ளையள் வளந்து போட்டுதுகள், வீட்டிலை ரீவியைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுது, ஒருக்கா உதையும் பாப்பம் எண்டு வந்தவை.

அண்ணை என்ரை நெஞ்சிலை குத்தியிருந்த பேரை வாசிச்சார். முகம் மலர்ந்துபோச்சு. மேசைக்கு மேலாலை குனிஞ்சு, “தம்பி, நீர் எங்கடை ஆளல்லோ? எது விழும் எண்டு ஒரு கண்ணைக் காட்டுமன்” எண்டார். கடவுளே! மேசையிலை நாங்கள் ஜெர்மன் மட்டும்தான் கதைக்கலாம். வேறை பாசையிலை ஒரு சொல்லுச் சொன்னாலும் பொறுப்பானவர் என்ன ஏது எண்டு கேப்பார். நான் முகத்தைக் கல்லாய் வைச்சுக்கொண்டு, “தயவுசெய்து பந்தயத்தை வையுங்கோ” எண்டு ஜெர்மனிலை சொன்னன். அண்ணை நிமிந்து, மண்டபம் முழுக்கக் கேக்கக்கூடியதாய் மலரக்காவுக்குச் சொன்னார்:

“எங்கடை பொடியன்தான், ஆனால் தமிழை ஆத்திலை விட்டிட்டான்.”

கோழி

அந்தக் கோவம் ஒரு கிழமைதான். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் வந்திச்சினம். இந்த முறை மலரக்கா தன்ரை கைப்பையை மேசை ஓரத்திலை வைச்சு, அதுக்குள்ளை இருந்து ஒரு மஞ்சள் கோழியை எடுத்தா. முட்டை அவிக்கேக்கை நேரம் வைக்கிற மணிக்கூடு. கோழியின்ரை இடுப்பைப் பிடிச்சு ஒரு முறுக்கு. டிக், டிக், டிக். உல்ரிக்க ஓடிவந்தாள். மேசையிலை கருவி ஒண்டும் வைக்கேலாது. கோழியைத் தூக்கி அடியிலை பாத்து, காதிலை வைச்சுக் கேட்டு, கடைசியிலை கைப்பைக்குள்ளை இருந்தால் பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனாள்.

அவையின்ரை சட்டம் லேசு. ஒரு கடித உறைக்குள்ளை சாப்பாட்டுக் கடைக்குப் போனால் செலவழியிற அளவு காசு. பாங் கார்ட் வீட்டிலை, சாமித்தட்டிலை பிள்ளையாருக்குப் பின்னாலை. கோழி அடிச்சால் எழும்பவேணும், வெண்டாலும் தோத்தாலும். பேந்து கீழை கபேயிலை ஆளுக்கொரு ஆப்பிள் கேக். மற்ற மேசையளிலை சனம் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்க, இவை இரண்டு பேரும் பந்து துள்ளத் துள்ளச் சிரிப்பினம். ஒருநாள் அண்ணை வெண்டுகொண்டு நிக்கேக்கை கோழி அடிச்சிட்டுது. மனுசன் ஒரு பெருமூச்சு விட்டார், எழும்பினார். பக்கத்திலை நிண்ட ஜெர்மன்காரி வாயைப் பிளந்து, உதென்ன கணக்கு எண்டு கேட்டா. மலரக்கா கைப்பையைப் பூட்டிக்கொண்டே ஜெர்மனிலை சொன்னா:

“முட்டை பத்து நிமிசம், பிட்டு இருவது நிமிசம், இவர் ஒரு மணித்தியாலம்.”

வடை

ஒருக்கா அண்ணை ஒரே எண்ணிலை வைச்சது விழுந்திட்டுது. பதினேழு. வெண்டவை ஒரு வில்லையை வேலையாக்களுக்கு எண்டு தாறது வழக்கம். அது எனக்கில்லை, எல்லாருக்கும் பொதுவான பெட்டிக்குள்ளை போகும், மாசம் முடியப் பிரிப்பினம். அண்ணை வில்லையைத் தந்தார், நான் எல்லாருக்கும் காட்டிப் பெட்டியிலை போட்டன். அவருக்கு அது சுட்டுப்போட்டுது. தம்பிக்குக் குடுத்ததைத் தம்பி எடுக்கேல்லையே எண்டு.

அடுத்த கிழமை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டியோடை வந்து, பச்சைத் துணியிலை எண் பதினேழுக்கு மேலை வைச்சார். “மலர் சுட்டது. உழுந்து வடை. இதையும் பெட்டிக்குள்ளை போடுவீரோ பாப்பம்.” மேலை கமரா. சுத்திவர ஆக்கள். பெட்டியைத் துறந்த உடனை கறிவேப்பிலை வாசம் மண்டபம் முழுக்க. உல்ரிக்க வந்து, இது என்ன எண்டு கேட்டு, எழுதி, தலையைச் சொறிஞ்சு, பரிசெண்டால் எல்லாருக்கும் பொது எண்டு தீர்ப்புச் சொல்லி, வேலையாக்களின்ரை சாப்பாட்டறைக்குக் கொண்டு போனாள். நான் ஓய்வு நேரத்துக்குப் போகேக்கை அரை வடை மிச்சம். அதையும் கையிலை வைச்சுக்கொண்டு உல்ரிக்க சொன்னாள்:

“பொதுப் பெட்டியிலை இவ்வளவு ருசியாய் ஒண்டும் இதுவரைக்கும் விழேல்லை.”

கணக்குப் படிக்கிற பிள்ளை

கார்ஹிங் எண்ட ஊரிலை, பல்கலைக்கழகத்திலை கணக்குப் படிக்கிற ஒரு இந்தியத் தமிழ்ப் பிள்ளை, சிநேகிதியைப் பாக்க எசனுக்கு வந்தவள், ஒரு சனிக்கிழமை எங்கடை மேசைக்கு வந்தாள். ஞானம் அண்ணைக்குப் பக்கத்திலை இருந்து இருவது நிமிசத்திலை கொண்டுவந்த வில்லையளை எல்லாம் தோத்தாள். தோத்துப்போட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

அண்ணைக்கு மனம் கேக்கேல்லை. “பிள்ளை, கறுப்பு ஆறு தரம் வந்திட்டுது. இனிச் சிவப்பு வந்தே ஆகவேணும். இன்னும் கொஞ்சம் மாத்திக்கொண்டு வாருமன்” எண்டார். அவள் சிரிச்சாள். “அங்கிள், சக்கரத்துக்கு மெமரியே கிடையாது. போன தடவை என்ன வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது” எண்டாள். அண்ணை விடேல்லை. போன காசை நினைக்கக் கவலை இல்லையோ எண்டு கேட்டார். அவள் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“மூவி டிக்கெட் மாதிரிதான் அங்கிள். படம் முடிஞ்சப்புறம் ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்தா காசைத் திருப்பிக் குடுப்பாங்களா?”

கொப்பி

அதுக்குப் பிறகு மகளுக்குப் பிள்ளைப்பேறு எண்டு மலரக்கா லண்டனுக்குப் போனா. கோழியும் கைப்பையோடை போயிட்டுது. அண்ணை முப்பத்தோராம் நாளுக்கு, பேரப்பிள்ளைக்குப் பேர் வைக்கிற நேரத்துக்குப் போறதாய் ஏற்பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை, மூண்டு மணிக்குக் கதவு துறந்த கையோடை அண்ணை தனிய வந்து நிண்டார். பேந்து வியாழன். பேந்து ஒவ்வொரு நாளும். கையிலை ஒரு கொப்பி. விழுற எண்ணை எல்லாம் கோடு போட்டு எழுதினார். சக்கரத்துக்கு ஞாபகம் இல்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்னதை மறந்து, அதுக்குப் பதிலாய் அவரே ஞாபகம் வைச்சுக்கொண்டிருந்தார். சிரிக்கேல்லை. பக்கத்து ஆக்களோடை கதைக்கேல்லை. வாங்கின தேத்தண்ணி ஆறிப்போய் இருக்கும். ஒருநாள் கடைசி வில்லையளைத் தள்ளி வைச்சுக்கொண்டு தனக்குள்ளை சொன்னார்: “லண்டன் ரிக்கற் காசை இண்டைக்குத் திருப்பி எடுத்துப்போட வேணும்.”

படிச்ச அடையாளம் மூண்டும் ஒண்டாய் எனக்கு முன்னாலை நிக்குது. உல்ரிக்கவுக்குச் சொன்னால் எங்கடை சனத்துக்கை அதுக்குப் பேர் கோள். சொல்லாட்டி மனுசன் பேரப்பிள்ளையின்ரை முப்பத்தொண்டுக்குப் போகமாட்டார், ஏன் போகேல்லை எண்டு அக்காவுக்கு ஒரு பொய்யும் சொல்லவேணும். பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு, பதினெட்டு வருசத்திலை முதல் தரமாய் மேசையிலை தமிழ் கதைச்சன். “அண்ணை, கோழி எங்கை?”

அவர் என்னை நிமிந்து பாத்தார். பென்சிலைக் கொப்பிக்கு மேலை வைச்சார். உல்ரிக்க எனக்குப் பின்னாலை வந்து நிண்டாள். மேசையிலை வேறை பாசை கதைச்சதெண்டால் விளக்கம் சொல்லவேணும். சொன்னன், எல்லாத்தையும். அவள் இன்னொருத்தரை மேசைக்கு விட்டிட்டு, என்னைப் பாத்துச் சொன்னாள்:

“நீ இவ்வளவு காலம் அடக்கி வைச்ச பாசையிலை முதல் கேட்டது ஒரு கோழியையோ?”

ஒரு கையெழுத்து

பக்கத்து அறையிலை அண்ணைக்குக் கோப்பி குடுத்து இருத்திச்சினம். உல்ரிக்க என்னையும் கூப்பிட்டாள். அண்ணை என்ரை முகத்தைப் பாக்கேல்லை. “கோள் சொல்லிப்போட்டீர்” எண்டார், சுவரைப் பாத்து. ஓம் எண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல? வெக்கமாய்த்தான் இருந்தது. சுகமாயும் இருந்தது.

உல்ரிக்க ஆறுதலாய் விளங்கப்படுத்தினாள். விளையாடுற ஆள் தானே கையெழுத்து வைச்சுத் தன்னை உள்ளை வராமல் மறிக்கலாம். வைச்சால் இந்தக் கசினோ மட்டுமில்லை, ஜெர்மனியிலை ஒரு கசினோவிலையும் ஆகக் குறைஞ்சது ஒரு வருசத்துக்கு உள்ளை விடமாட்டினம். வாசலிலை அடையாள அட்டையைக் காட்டின உடனை தெரிஞ்சுபோகும். ஒருத்தரும் வற்புறுத்தேல்லை எண்டும் சொன்னாள். கன நேரம் அண்ணை பேனையை உருட்டிக்கொண்டு இருந்தார். கொப்பியை ஒருக்கா விரிச்சார், மூடினார். பேந்து, லண்டனிலையும் மறிப்பினமோ எண்டு கேட்டார். இல்லை, இது ஜெர்மனிக்கு மட்டும்தான், அங்கை உங்களை மறிக்க ஒருத்தரும் இல்லை எண்டாள் உல்ரிக்க. அண்ணை கையெழுத்தை வைச்சுப்போட்டுச் சொன்னார்:

“அங்கை மலர் நிக்கிறா. அது காணும்.”

பள்ளிக்கூடத்துச் சக்கரம்

கார் தரிப்பிடத்திலை நிண்டே அண்ணை அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து எல்லாத்தையும் சொன்னவராம். ரிக்கற்றை மகள் எடுத்துவிட்டவளாம். முப்பத்தோராம் நாள் பேரனை மடியிலை வைச்சிருக்கிற படத்தைத் தமிழ்க்கடையிலை ஆரோ காட்டினதிலை நானும் கண்டன். ஆனால் மனுசன் என்னோடை கதைக்கேல்லை. கடையிலை கண்டால் மரக்கறிப் பக்கம் திரும்பிவிடுவார். மாசக் கணக்காய் அப்பிடியே போச்சுது. எனக்கு மனம் நொந்தது, உள்ளதைச் சொல்லவேணும்.

கோடையிலை தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழா. இதுக்கிடையிலை என்ரை ‘ஹோட்டல்’ என்ன ஹோட்டல் எண்டு ஊருக்கே விளங்கிப்போச்சு. “உமக்குத்தானே கை பழக்கம்” எண்டு அதிர்ஷ்டச் சக்கரத்தை என்ரை தலையிலை கட்டிப்போட்டினம். சாப்பாட்டுப் பொதி வாங்கினால் ஒரு தரம் சுத்தலாம். பென்சில், எவர்சில்வர் தட்டு, பெரிய பரிசு ஒரு ரைஸ் குக்கர். வரிசையிலை பாத்தால் ஞானம் அண்ணையும் மலரக்காவும். அக்கா கைப்பையைத் துறந்து, மஞ்சள் கோழியை எடுத்து, ஐஞ்சு நிமிசத்துக்கு முறுக்கி எனக்கு முன்னாலை வைச்சா. அண்ணை என்னைப் பாத்தார். “தம்பி, கோழி வந்திட்டுது” எண்டார். வழக்கத்திலை ஜெர்மனிலை ஏதோ சொல்லிப்போட்டன்.

வரிசை மெல்லமாய்த்தான் நகந்தது. அண்ணையின்ரை முறை வந்து, சக்கரத்தைப் பிடிச்சு ஒரு இழுவை இழுத்தார். சக்கரம் சுத்துது, கோழி அடிச்சிட்டுது. அண்ணை பொதியைக் கையிலை எடுத்தார், திரும்பினார், நடந்தார். சக்கரம் கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு, ரைஸ் குக்கரிலை போய் நிண்டுது. “ஐயோ, இஞ்சருங்கோ! குக்கர்! எங்களுக்குத்தான் விழுந்தது, வந்து எடுங்கோ!” எண்டு மலரக்கா குளறினா. “உங்களுக்கென்ன விசரே? குக்கர் சூதில்லை!” சனம் எல்லாம் சிரிக்குது. அண்ணை நிண்டார். சக்கரத்தைத் திரும்பியும் பாக்கேல்லை, அக்காவைத்தான் பாத்தார். பாத்துச் சொன்னார்:

“நீர்தானே மலர் கோழியை முறுக்கினனீர்? அது அடிச்சிட்டுது. வாரும், போவம்.”

பதினெட்டு வருசமாய் ‘இனி ஒண்டும் போகாது’ எண்டு தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தரைக்கூடக் கதிரையிலை இருந்து எழுப்ப ஏலாத எனக்குக் குடுத்த சம்பளத்தை, உள்ளதைச் சொன்னால், அந்த மஞ்சள் கோழிக்குத்தான் குடுத்திருக்க வேணும்.