எத்தனை டிகிரி சாய்க்க?

டிவிக்கு டிஷ் மாட்டுகிறவனுக்குக் கண் வானத்தில் இருக்கும், காது கீழே ஹாலில் இருக்கும். மொட்டைமாடியில் நின்று "இப்பத் தெரியுதா?" என்று நீங்களும் கத்தியிருப்பீர்கள், எனக்கு அதுவே பிழைப்பு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வெறும் வீட்டில் இருக்க முடியாமல், கம்பெனிப் புத்தகத்தைப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட வேலை. வேலை கொடுத்த கடைக்காரர் என்னைவிட இளையவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணே, மூணு கம்ப்ளைண்ட் வந்தா நான் வேற ஆளப் பாத்துக்கிருவேன். மனசுல வச்சுக்கிராதீக."

பேராசிரியர் போட்ட கணக்கு

நாகமலை புதுக்கோட்டையில் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர் வீடு. டிஷ் எத்தனை டிகிரி மேலே பார்க்க வேண்டும் என்று நான் போகும் முன்பே தாளில் போட்டு வைத்திருந்தார். என் புத்தகமும் அதே எண்ணைத்தான் சொன்னது. டிஷ்ஷின் முதுகிலுள்ள அளவுக்கோட்டில் அந்த எண்ணுக்கு வைத்து முடுக்கினேன். படம் வந்தது. மறுநாள் லேசான தூறலுக்கே போய்விட்டது. முதல் புகார்.

திரும்பப் போய், நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். டிஷ்ஷைத் தாங்கும் குழாயே சாய்ந்திருந்தது. குழாய் சாய்ந்தால் அளவுக்கோடு பொய் சொல்லும். நிமிர்த்தி வைத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கணக்குல தப்பில்ல தம்பி. நாம ரெண்டு பேரும் குழாயப் பாக்கல, அம்புட்டுதான்."

பக்கத்து வீட்டு டிஷ்

இரண்டாவது புகார் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடமிருந்து. நல்ல படம் கொடுத்துவிட்டு வந்த வீடு. போய்ப் பார்த்தால், டிஷ்ஷை அவரே கொஞ்சம் நிமிர்த்தி, பக்கத்து வீட்டு டிஷ்ஷுக்கு இணையாக வைத்திருக்கிறார். அது வேறு கம்பெனி, அது பார்க்கும் செயற்கைக்கோள் வேறு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படம் உள்ளதானண்ணே தெரியுது. தெருவுல போறவன் பாக்குறது டிஷ்ஷத்தான?"

ஐந்தாவது சுற்று

பொங்கலன்று காலை, சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். முந்தின நாள் குரங்கு தொங்கி டிஷ்ஷைக் கலைத்துவிட்டது. மகன் அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் மாடு பிடிக்கப் போயிருக்கிறான். ஐந்தாவது சுற்று அவனுக்கு, டிவியில் நேரலையாகக் காட்டுகிறார்கள். "நாலாவது சுத்து முடியப் போகுதாம்ணே. படம் வரலைன்னா கம்பெனிக்குப் போனப் போட்டிருவேன்" என்று கீழிருந்து அவன் அம்மா.

மூன்றாவது புகார் என்றால் மறுநாள் எனக்கு வேலை இல்லை. நட்டைத் தளர்த்தினேன். ஒரு டிகிரி மேலே, அரை டிகிரி கீழே. ஹாலிலிருந்து அவர் வீட்டுக்காரர், "வந்திருச்சு, வந்திருச்சு. நம்ம பய மஞ்ச பனியன்ல நிக்கிறான்" என்றார். அந்த அம்மா ஹாலுக்குப் போகவில்லை. மாடிப்படி ஏறி என்னிடம் வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கணவர் காதில் விழாதபடி சொன்னார்: "அண்ணே, அவன் சுத்து முடியுற மட்டும் படம் வராம டிஷ்ஷக் கொஞ்சம் திருப்பி வச்சிருங்க."

திருப்பினால் ஐயா போன் போடுவார், திருப்பாவிட்டால் அம்மா போடுவார் என்று, மகன் முழங்கைச் சிராய்ப்போடு களத்தைவிட்டு வெளியே வந்துவிட்டான் என்று ஹாலிலிருந்து குரல் வரும்வரை, டிஷ்ஷை அசைக்காமல் ஸ்பேனரால் எதையோ முடுக்குவதுபோல் நின்று வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். எத்தனை டிகிரியில் வைத்தால் ஒரு வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி என்பது மட்டும் கம்பெனிப் புத்தகத்தில் இன்னும் இல்லை.