இனி அடிக்கமாட்டேன்

எங்கள் வீட்டில் குடிப்பது என்றால் தேத்தண்ணீரும் கஞ்சியும்தான். சாராயத்துக்கு அந்தச் சொல்லைப் பாவிக்கமாட்டோம். அதை அடிப்பது என்போம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எல்லோருக்கும் அப்படித்தான். ‘நல்லா அடிச்சிட்டு வாறார்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், யாருக்கு அடித்தார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த ஒரு சொல்லால்தான் என் மாமாவின் வேலை போனது.

மாமா என் அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாமல் எங்களோடு இருந்தார். வெள்ளைக்காரரின் கப்பற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில் அவர் பொக்சிங், அதாவது குத்துச்சண்டை, அடித்தவர். சனிக்கிழமைகளில் மைதானத்தில் கயிறு கட்டிப் போட்டி நடக்குமாம். கப்பலிலிருந்து இறங்குகிற வெள்ளைக்காரரோடு மோதுவதற்கு உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். மற்ற நாட்களில் அவர்கள் அடித்துப் பழகுவதற்கு ஒரு தலை வேண்டும். இரண்டுக்கும் மாமாதான் போனார். அவர் யாரை விழுத்தினார் என்ற கதையை நான் கேட்டதேயில்லை. எவ்வளவு அடி விழுந்தாலும் அவர் விழமாட்டார் என்பதுதான் ஊரின் பெருமை. இரும்புத் தலையன் என்று பெயர் வைத்தார்கள். மாமாவும் அதை ஏதோ அரசாங்கம் கொடுத்த பட்டம்போல வைத்திருந்தார்.

வெள்ளைக்காரர் போனார்கள், போட்டிகளும் நின்றுபோயின. மாமா இறங்குதுறையில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு நினைவு தெரிந்தபோது அவருடைய கால் ஒரு பக்கம் இழுத்தது, பேச்சுக் குழறியது. சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிடுவார். சொன்ன கதையையே திரும்பவும் புதிதாகத் தொடங்குவார். இருந்தாற்போலக் கோபம் வந்து சோற்றுக் கோப்பையை எறிவார். பிறகு, ஆர் எறிந்தது என்று எங்களையே கேட்பார். தலையில் ஓயாமல் விழுந்த அடி மூளையைக் கெடுத்து, பல வருடம் கழித்து இப்படி வெளியே வரும் என்று இன்றைக்கு ஒரு டாக்டரைக் கேட்டால் சொல்லுவார். அன்றைக்கு எங்கள் தெருவில் கேட்டிருந்தால் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: ஆள் அடிக்கத் தொடங்கிவிட்டான்.

அம்மாவும் அதைத்தான் நம்பினார். மறைவாக எங்கேயோ அடித்துவிட்டு வருகிறான் என்று எண்ணி எண்ணி மறுகினார். ஆனாலும் வளர்ந்த தம்பியின் வாயை மணந்து பார்க்க அவருக்கு வெட்கம். அப்பா மாமாவோடு கதைப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் மாமா இறங்குதுறையில் மூட்டையோடு தடுமாறி விளிம்புவரை போய்விட்டார். கங்காணி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கெட்ட மனிதர் அல்ல, எங்கள் கோயில்காரர்தான். “வெறியில கடலுக்க விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? சுவாமிக்கு முன்னால சத்தியம் பண்ணட்டும், அடுத்த நாளே எடுக்கிறன்” என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் பங்குக் கோயிலில் அடிக்கிறவர்களைத் திருத்துகிற முறை அது. பூசை முடிந்ததும் பாதிரியாரான சுவாமிக்கு முன்னால் சிலுவையில் கை வைத்து, இனி அடிக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும். சொன்ன கையோடு சாராயத் தவறணைக்குப் போனவர்களும் உண்டு. சொல்ல மறுத்தவர் மட்டும் அதுவரை ஒருவருமில்லை.

அந்த ஞாயிறு மாமாவுக்கு அம்மாவே சீப்பால் தலை இழுத்து, பொத்தான் பூட்டிக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். பூசை முடிந்து கங்காணியும் நின்றார். மாமா சிலுவையில் கை வைத்தார்.

“இனி அடிக்கமாட்டன் எண்டு சொல்லு மகன்” என்றார் சுவாமி.

மாமா கையை எடுத்துவிட்டார். “அப்பிடிச் சொல்ல ஏலாது சுவாமி.”

“ஏன் ஏலாது?”

“அடிக்காட்டி நான் என்னத்துக்கு இருக்கிறன்? வாற சனிக்கிழமையும் அடிப்பன்.”

கங்காணி வெளியே நடந்தார். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது. எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. சுவாமி பொக்சிங்கை விடச் சொன்னார், மாமா மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். மாமாவுக்கு அந்தச் சொல்லின் பொருள் அது ஒன்றுதான் என்பது ஒரு சின்னப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு பெரியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

வீட்டுக்கு வரும் வழியில், சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போவீர்களா என்று மாமாவிடம் கேட்டேன். “ஓம் பிள்ளை, நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வா” என்றார்.

சனிக்கிழமை அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் இருவரும் வெளிக்கிட்டோம். நான் திருநாள் சட்டை போட்டிருந்தேன். மாமா வழியெல்லாம் தோளைக் குலுக்கிக் குலுக்கி நடந்தார். மைதானத்தில் கயிறு இல்லை, சனம் இல்லை. எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரிகிற மான்கள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. மாமா நடுவில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். யாரோ வந்து கூப்பிடுவார்கள் என்பதுபோல வெகுநேரம் அப்படியே நின்றார்.

“மழையெண்டு நிப்பாட்டிப்போட்டாங்கள் போல” என்றார் கடைசியில்.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் பெரியவர் ஒருவர் மழை என்றால் மழைதான் என்று வளர்க்கப்பட்ட பிள்ளை நான். கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

அம்மா வாசலில் நின்றார். “எங்க போனனீங்கள்?”

“பொக்சிங் பாக்க. மழையால நடக்கேல்லை” என்றேன்.

அம்மா என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

“ஓம் அக்கா, சரியான மழை” என்றார் மாமா. “வெள்ளைக்காரர் ஒருத்தரும் வரேல்லை.”

அம்மா சந்தைக் கூடையை நிலத்தில் வைத்தார். கிட்டப் போய், இரண்டு கையாலும் மாமாவின் முகத்தைப் பிடித்தார். “ஊது” என்றார்.

மாமா குனிந்து ஊதினார்.

“இன்னொருக்கா ஊது.”

மாமா மூச்சை நன்றாக இழுத்து ஊதினார். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நானும் மாமாவின் முகத்துக்குக் கிட்டப் போய் மணந்து பார்த்தேன். சாராயம் மணக்கவேயில்லை. மணக்கவில்லை என்றால் சந்தோசப்படத்தானே வேண்டும், ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கியிருக்காது.

“இன்னும் ஊதட்டே அக்கா?” என்று கேட்டார்.